கதவோரத்து ரப்பர்

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பழைய அம்பாசிடர் வண்டியின் கதவைத் திறந்ததும் ஈரச்சாக்கின் நாற்றம் எழுகின்றது. இருக்கையை வெயிலில் உலர்த்துவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய இடமோ அதுதான்.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான இவ்வண்டி, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. லாரிக்கு உள்ளதுபோன்ற தனிச் சட்டம் இதற்கு இல்லை. தகட்டுக் கூடே பாரத்தைத் தாங்குகின்றது. ஆதலின் கதவடியிலுள்ள படித் தகடும் தரைத் தகடும் துருவேறினால், குறைவது அழகன்று, வண்டியின் வலிமையே. அங்கே நீர் புகாது தடுப்பது கதவைச் சுற்றிய ரப்பர் விளிம்பு. பட்டறைகளில் இதனைப் பீடிங் என்பர். நாம் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் இச்சொல் பெரும்பாலும் விளங்கும்.

வெயிலும், காற்றில் சிறிதளவே கலந்துள்ள ஓசோனும் ரப்பரை நாளடைவில் இறுகச் செய்து வெடிக்கவைக்கின்றன. எஞ்சின் எண்ணெய் தடவி மிருதுவாக்கலாம் என்று கூறுவோர் உளர். அது ரப்பரை ஊதச் செய்து மேலும் கெடுக்கும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவி வருமிடத்தில் ரப்பர் தன் வேலையைச் செய்யவில்லை.

எனினும், ரப்பர் மீது பழி சுமத்துமுன் கதவின் அடிப்புறத்தையும் கவனிக்கவேண்டும். கண்ணாடியோரமாகக் கதவினுள் இறங்கும் நீர் வெளியேறுவதற்கு அங்கே சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டிருந்தால், புது ரப்பர் போட்டும் பயனில்லை. ஒரு குச்சியே போதும்.

மாற்றுவதென்று துணிந்தபின், பழைய ரப்பரில் ஒரு துண்டை மாதிரியாகக் கடைக்குக் கொண்டுசெல்வது நன்று. தடித்தது நல்லதென்று வாங்கினால் கதவு பூட்டாது, கீலும் நோகும். பழைய பசையை டர்பன்டைனால் துடைக்கலாம். தின்னர் வர்ணத்தையும் கரைத்துவிடும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, வர்ணமிட்டு, நன்கு காயவிடவேண்டும். பொறுமையற்றோர் துருவின் மேலேயே ஒட்டிவிடுகின்றனர். புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதை ஒத்தது இது!

ஒட்டும்போது ரப்பரை இழுக்கலாகாது. இழுத்த ரப்பர் பின்னர் சுருங்கி, மூலைகளில் இடைவெளி விடும். இரு நுனிகளும் கூடுமிடம் கதவின் அடிப்பக்கமாக இருக்கட்டும். முதற் சில நாட்கள் கதவு இறுக்கமாகவே சாத்தும். அதற்காக உடனே பூட்டுக் கொக்கியைத் திருகி நகர்த்தவேண்டா.

பசை காய்ந்ததும் ஒருவர் உள்ளே அமர, மற்றொருவர் குழாய்நீரைக் கதவின் கீழ்ப்பகுதியில் முதலிற் பாய்ச்சி, மெல்ல மெல்ல மேலே கொண்டுசெல்லவேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் இடம் புலப்படாது.