வாய்க்கால் திறந்தது, காடு துளிர்த்தது

முத்துப்பேட்டை என்றதும் நம்மில் பலருக்கு ஜாம்பவானோடை தர்காவே முதலில் நினைவுக்கு வரும். அவ்வூருக்குத் தெற்கே, ஆற்றில் படகேறிச் சென்றால் இரு கரையிலும் பச்சைச் சுவராக எழுந்து நிற்கும் அலையாத்திக் காட்டை நேரில் கண்டவர் எத்தனை பேர்? காவிரியின் கிளைகளான பாமனியாறும் கோரையாறும் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த இக்காட்டின் காப்புப் பரப்பு, காயலையும் சேற்று வெளியையும் சேர்த்து, ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். தமிழகத்தின் அலையாத்திக் காடுகளில் இதுவே பெரியது. அலையின் சீற்றத்தை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் வந்ததாகச் சொல்வர். சேற்றுக்கு மேலே ஊசிகளைப் போல் நீட்டி நிற்கும் வேர்களால் மூச்சு விடும் அற்புத மரம் அது.

துண்டு துண்டான காடு

இப்பெருங்காடு ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மாண்டுகொண்டிருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் காலத்தில் சத்திர நிர்வாகத்தின் கீழ் இருந்த காடு, பின்னர் ஆங்கில அரசின் வசமாயிற்று. அப்போது வகுக்கப்பட்ட முறைப்படி, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மரங்களை அடியோடு வெட்டி விறகாக்கினர். விடுதலைக்குப் பின்னும் சில காலம் இந்த வழக்கம் நீடித்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்து வளரும் என்று எண்ணினர். ஆனால் அது முளைக்கவில்லை.

காரணம் என்ன? நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து இறுகித் தாழ்ந்தது. நிலம் தொட்டிபோல் குழிந்தது. இக்கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றத்தின்போது குழிக்குள் புகுந்த நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயில் அதனை ஆவியாக்க, உப்பு மட்டும் எஞ்சியது. உப்பில் வாழப் பிறந்த மரத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா? ஆகவே பசுமையான திட்டுகளுக்கிடையே வெளுத்த உவர்ப் பொட்டல்கள் பரவின.

மீன்முள் வாய்க்கால்கள்

1990களில் வனத்துறையும், கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்நோயின் மூலத்தைக் கண்டறிந்தன. குறை விதையில் இல்லை, நீரோட்டத்தில்தான் உள்ளது எனத் தெளிந்தனர். காயலோடு இணையும் ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் மீனின் முள்ளைப் போலச் சாய்வாகச் சிறு வாய்க்கால்களைப் பொட்டலுக்குள் செலுத்தினர். கடல்நீர் நாள்தோறும் உள்ளே வந்து திரும்பியது. தேங்கிய உப்பு கரைந்து வெளியேறியது. அதன் பின்னரே வாய்க்கால் ஓரங்களில் அலையாத்தி விதைகளை ஊன்றினர். பொட்டல் பசுமையாயிற்று, பிரிந்து கிடந்த திட்டுகள் ஒன்றையொன்று தொட்டன.

இம்முறை அப்பகுதி மக்களுக்கு முற்றிலும் புதிதன்று. காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது அங்கு நெடுநாளைய வழக்கம். ஆகவே கிராமங்களில் மன்றங்கள் அமைத்து, குடும்பத்து ஆண்களையும் பெண்களையும் உறுப்பினராக்கி, அவர்களையும் காட்டைப் பேணும் பணியில் பங்காளிகளாக்கினர். வாய்க்கால் தூர்ந்தால் காடு மீண்டும் சாகும். தூர் வாரும் கைகள் உள்ளூரிலேயே இருந்தாலன்றி எந்தத் திட்டமும் நிலைக்காது.

நம் பங்கு என்ன?

காப்புக் காட்டின் எல்லைக்கு அப்பால் இருப்பவை பெரும்பாலும் தனியார் நிலங்கள். நெல் வயல், தென்னந்தோப்பு, இறால் பண்ணை என இவற்றினூடேதான் ஆறுகளும் வடிகால்களும் நன்னீரைக் காட்டுக்குக் கொண்டு செல்கின்றன. கடல்நீர் ஒரு கையென்றால் ஆற்றுநீர் மறு கை. மேட்டூரிலிருந்து கடைமடைக்கு வரும் நீரே குறைந்துவிட்ட இக்காலத்தில், வருகின்ற சிறிதளவையும் வரப்பைத் தள்ளிக் கட்டியும் குப்பை கொட்டியும் மறிப்பது நியாயமாகுமா?

நிலவுடைமையாளர் மனம் வைத்தால் எதுவும் நடக்கும் என்பதற்கு வால்பாறை சாட்சி. அங்கே தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சியிருந்த மழைக்காடுகளைத் தோட்ட நிறுவனங்களின் இசைவோடு இயற்கை ஆர்வலர்கள் 2000களின் தொடக்கம் முதல் மீட்டு வருகின்றனர். அம்மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு, சிங்கவால் குரங்கு போன்ற உயிர்களுக்கு உறைவிடமும் வழியும் அமைத்துத் தருகின்றனர். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. காடும் அதில் வளர்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையை நாம் மறக்க முடியாது. கஜா புயலில் நம் தென்னைகள் சாய்ந்தன. அலையாத்திகளும் முறிந்து கருகின. அக்காடு காற்றையும் அலையையும் தன் மார்பில் ஏற்பது நமக்காகவும்தான். அதன் சேற்றில் வளரும் இறாலும் நண்டும் மீனும் நம் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்கின்றன.

நம் குடும்பங்களில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிவோர் பலர். விடுமுறையில் வரும்போது தோப்பின் மரங்களை எண்ணுவதோடு, அதன் ஓரத்து வடிகால் திறந்திருக்கிறதா என்றும் ஒருமுறை நடந்து பாருங்கள். அடைபட்டிருந்தால் குத்தகைதாரரிடமும் பக்கத்து நிலத்தாரிடமும் பேசி, செலவைப் பகிர்ந்து தூர் வாருங்கள். அங்கே வழிவிடப்படும் நீர் முத்துப்பேட்டையில் ஒரு மரத்தின் வேரை நனைக்கும்.