வெயில் நாட்டில் பசுமைக் குடில்

வீட்டின் பின்புறத்தே சிறிது நிலம் வாய்த்தவர்க்கெல்லாம் அதில் ஒரு பசுமைக் குடில் அமைத்தல் வேண்டும் என்னும் அவா இந்நாளில் மிகுந்து வருகின்றது. படங்களிற் காணும் மேனாட்டுக் கண்ணாடி மனைகளின் எழில் அவ்வவாவை வளர்க்கின்றது. ஆயின், அம்மனைகள் எத்தகைய நாட்டில், எக்குறையை நீக்கும்பொருட்டுத் தோன்றின என்று வினவுவார் சிலரே. வினவாது கட்டியதன் விளைவை எம்மூரில் யாம் கண்கூடாகக் கண்டோம். பணியினின்று ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தமக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைச் செலவிட்டு, நாற்புறமும் பாலித்தீன் தாளால் மூடிய குடில் ஒன்றைத் தை மாதத்தில் எழுப்பினார். மாசி வரையில் தக்காளியும் மிளகாயும் தழைத்தன. பங்குனியிற் பூக்கள் உதிர்ந்தன. சித்திரையிற் செடிகளே கருகின. நீர் போதவில்லையோ, எரு போதவில்லையோ என்று ஐயுற்று அவர் இரண்டனையும் மிகுத்துப் பார்த்தார். குறை அவ்விரண்டினும் இல்லை. மனையின் அமைப்பிலேயே இருந்தது. அஃது எங்ஙனம் என்பதனையும், நம் சமவெளி நாட்டிற்கு ஏற்ற குடிலை எவ்வாறு அமைத்தல் கூடும் என்பதனையும் ஈண்டுக் கூறுவாம்.

செடிகளுக்கு மனை கட்டும் வழக்கம் மிகப் பழையது. உரோமப் பேரரசன் திபேரியு நாள்தோறும் வெள்ளரி உண்ணும் விருப்பினன். குளிர்காலத்தும் அது தவறாது கிடைத்தற்பொருட்டு, அவனுடைய தோட்டக்காரர் உருளைகள் பூட்டிய பாத்திகளில் வெள்ளரியை வளர்த்து, பகலில் வெயிலுக்கு இழுத்தும், குளிர் மிக்க நாட்களில் ஒளி புகும் மெல்லிய கற்றகட்டால் மூடிய சட்டங்களின்கீழ் வைத்தும் காத்தனர் என்று பிளினி என்னும் அறிஞர் முதல் நூற்றாண்டில் எழுதிவைத்துள்ளார். கொரியா நாட்டில் 15-ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற நூலொன்று, தரையின்கீழ் அனல் செலுத்தி, எண்ணெய் தோய்ந்த தாளைச் சாளரங்களில் ஒட்டி, மாரிக்காலத்திற் கீரை வளர்க்கும் மனையை விரித்துரைக்கின்றது. பிரான்சு நாட்டு வெர்சேல் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டப்பெற்ற நாரத்தை மனையும் குளிருக்கு அஞ்சிய மரங்களின் புகலிடமே. இங்கிலாந்தில் கண்ணாடியின்மேல் இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டபின், அரசரும் செல்வருமே அனுபவித்த இவ்வசதி நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறத்திற்கும் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, தோட்டக் கலைஞரான யோசேப்பு பாக்சுடன் இலண்டன் மாநகரில் எழுப்பிய பளிங்கு மாளிகையும் பசுமைக் குடிலின் பேருருவே. பெங்களூர் இலால்பாகுத் தோட்டத்தில் 1889-இல் தொடங்கப்பெற்ற கண்ணாடி மனை அப் பளிங்கு மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டதென்பர்.

இவ்வரலாற்றில் ஒன்று நோக்கத்தக்கது. இம்மனைகள் பிறந்த நாடுகள் யாவும் குளிர் நாடுகள். இலண்டனில் மார்கழி மாதத்து நண்பகற் சூரியன் அடிவானத்தினின்று 15 பாகை அளவே எழும்புகின்றான். அங்ஙனம் சாய்ந்து வரும் எளிய வெயிலைச் சிறைப்படுத்துதல் அந்நாட்டார்க்கு இன்றியமையாதது. நமக்கோ சென்னை, மதுரை முதலிய ஊர்களில் சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையுமாக ஆண்டிற்கு இருமுறை கதிரவன் தலைக்கு நேர்மேலே நிற்கின்றான். நாம் சிறைப்படுத்த வேண்டிய வெயில் எங்கே உளது?

கண்ணாடி மனை எவ்வாறு சூடேறுகின்றது என்பதிலும் ஒரு தவறான கருத்து நெடுங்காலம் வழங்கி வந்தது. ஒளிக்கதிர் கண்ணாடி வழியே உட்புகும். உள்ளிருந்து எழும் வெப்பக்கதிரோ கண்ணாடியைக் கடவாது. ஆகலின் மனை சூடேறும் என்பதே அக்கருத்து. அமெரிக்க அறிஞர் இராபர்ட் உட்டு என்பார் 1909-இல் இதனை எளியதொரு சோதனையால் ஆராய்ந்தார். கறுப்பு அட்டையால் இரண்டு பெட்டிகள் செய்து, ஒன்றனைக் கண்ணாடியாலும், மற்றதனை வெப்பக்கதிரைத் தடையின்றி விடும் கல்லுப்புத் தகட்டாலும் மூடினார். இரண்டன் மேலும் விழும் வெயிலை முதலில் ஒரு கண்ணாடியின் வழியே செலுத்தி ஒத்த தன்மையுடையதாக்கினார். இரண்டும் ஏறக்குறைய 55 பாகை வரை சூடேறின. அவற்றிடையே ஒரு பாகை வேற்றுமையும் அரிதாகவே காணப்பட்டது. ஆகவே மனையின் வெப்பத்திற்குத் தலையாய காரணம் கதிர் சிறைப்படுதல் அன்று, காற்றுச் சிறைப்படுதலே. தரை சூடேற, அதனைத் தொட்ட காற்றும் சூடேறி மேலெழ முயல, கூரை அதனை மறிக்கின்றது. (வளிமண்டலத்தின் வெப்பத்தைக் குறிக்கப் ‘பசுமைக்குடில் விளைவு’ என்று இன்று வழங்கும் தொடர் இம்முறையில் நோக்கின் பொருத்தமற்றதே. அங்கு நிகழ்வது உண்மையிற் கதிர் பற்றியது. பெயர் நிலைத்துவிட்டமையால் இனி மாற்றுதல் அரிது.)

இவ்வுண்மையை அறிந்தார்க்கு அப் பெரியவரின் செடிகள் ஏன் மாண்டன என்பது வெளிப்படை. தக்காளியின் மகரந்தம் 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வலியிழக்கும். பூ காயாக மாறாது உதிரும். வெளியிலேயே 38 பாகை நிற்கும் நாளில், மூடிய தாளினுள் எத்துணை இருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. உதகமண்டலத்தில் இக்கூற்று மாறும். அங்கு மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியுமாதலின், மூடிய மனையே அவ்வூர்க்கு ஏற்றது. அவ்வூர்த் தாவரத் தோட்டத்துக் கண்ணாடி மனை அங்கு நிற்பது தகும். ஒரே தமிழ்நாட்டிற்குள்ளேயே மலைக்கு ஒரு குடிலும் சமவெளிக்கு அதன் மறுதலையான குடிலும் வேண்டியுள்ளமை காண்க.

சமவெளிக் குடிலை நம் முன்னோர் அறியாதவரல்லர். சோழவந்தான், கும்பகோணம் பகுதிகளிலுள்ள வெற்றிலைக் கொடிக்காலுள் நண்பகலிற் புகுந்து பார்ப்பின் இது புலனாகும். முதலில் அகத்தியை வரிசையாக விதைத்து, அஃது எழுந்து நிழல் தரத் தொடங்கியபின் வெற்றிலைக் கொடியை அதன்மேற் படரவிடுவர். நிழல் மிகுந்தால் அகத்தியின் தலையைக் கழித்துவிடுவர். பாத்திகளினிடையே வாய்க்காலில் நீர் நிற்கும். தூணும் கூரையும் உயிருள்ளனவாக அமைந்த பசுமைக் குடில் என்றே கொடிக்காலைக் கூறலாம். நிழல், ஈரம், காற்றோட்டம் ஆகிய மூன்றும் அங்கு உள. மூடிய சுவர் மட்டும் இல்லை. கொல்லைப்புறத்திற் கட்டுவோர் பின்பற்றத்தக்க மாதிரி இதுவே என்பது எம் துணிபு.

இனிக் கட்டும் முறை. எட்டு அடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் ஒரு குடும்பத்திற்குப் போதுமானவை. நடுவே இரண்டடி வழி விட்டால் இருமருங்கும் மும்மூன்று அடி கிடைக்கும். வழியில் நின்றபடியே கடைசிச் செடியைக் கை எட்டும். இடம் மேடாக இருத்தல் வேண்டும். ஐப்பசி மழையில் நீர் தேங்குமிடம் ஆகாது. கிணற்றிற்கோ குழாய்க்கோ அணித்தாயிருப்பின் நன்று. நாள்தோறும் இருமுறை நீர் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே என்பதை இடந்தேரும் ஆடவர் மறத்தலாகாது. கிழக்கே திறந்தும், மேற்கே ஒரு வேம்போ மதிலோ நின்றும் இருந்தால், காலை வெயில் கிடைத்து மாலை வெயில் தடைப்படும். வடபுறத்தில் வெயில் விழாது என்று எண்ணுதல் மேனாட்டு நூலைப் படித்ததனால் வரும் மயக்கம். சித்திரை முதல் ஆடி வரை சென்னையில் நண்பகற் சூரியன் வடபாலே நிற்பான்.

பக்கத்திற்கு மூன்றாக ஆறு சவுக்குக் கம்புகள் நடுக. இரண்டடி மண்ணுள் இறங்கி, எட்டடி மேலே நிற்றல் வேண்டும். மண்ணுட் புகும் பகுதிக்குத் தார் பூசாவிடின் கறையானுக்கு விருந்தாகும். பொருள் வசதியுடையார் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் நாட்டலாம். முகட்டு வளையைத் தாங்க இரு கடையிலும் ஒவ்வொரு நெடுங்கம்பு போதும். நடுவில் ஒன்று ஊன்றினால் வழி அடைபடும். முகடு பத்தடி உயரம் இருக்கட்டும். தாழக் கட்டினாற் செலவு குறையும் என்று தச்சர் கூறுவர். ஆயின், சூடேறிய காற்று எழுந்து நிற்கச் செடியின் தலைக்குமேல் இடம் வேண்டும். முல்லைக்குத் தேரீந்த பாரியைப் போன்ற வள்ளன்மை நமக்கு வேண்டா. ஓரடி நீளம் மிகுந்த கம்பை ஈதலே அமையும்.

கூரைக்குத் தாள் வேண்டா. நிழல் வலையே தக்கது. கடைகளில் அது நூற்றுக்கு 35, 50, 75 என்னும் கணக்கில் விற்கப்படுகின்றது. அவ்வெண், வலை தடுக்கும் ஒளியின் அளவைக் குறிப்பது. காய்கறி நாற்றுக்கு 50 போதும். பெரணி, ஆர்க்கிடு முதலியவற்றிற்கு 75 கொள்க. மிகுந்த நிழலும் தீதே. நாற்று ஒளியை நாடி நெட்டையாக வளர்ந்து ஒடியும். மேற்குப் பக்கத்தில் மட்டும் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டி, மாலை வெயில் தணிந்ததும் சுருட்டிவிடலாம்.

பக்கங்களைத் திறந்துவிடுவதா, பூச்சி வலையால் மூடுவதா என்பதே கடினமான வினா. தக்காளியின் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைத் தடுத்தற்கு, அங்குலத்திற்கு நாற்பது இழை கொண்ட நுண்வலை வேண்டும். அதே வலை காற்றையும் தடுக்கும்; வலை நுண்ணிதாகும்தோறும் உள்ளே வெப்பம் மிகும். நாற்று வளர்க்கும் சில வாரங்களுக்குப் பாத்தியின்மேல் மட்டும் நுண்வலையைக் கூடாரம்போல் இட்டு, குடிலின் பக்கங்களை அகன்ற கண்ணுடைய வலையால் அடைத்தல் எமக்கு நல்வழியாகத் தோன்றுகின்றது. ஆடும் கோழியும் புகாதிருக்க அவ்வகன்ற வலையே போதும்.

தரையிற் செங்கற் சல்லி பரப்பி, நண்பகலில் நீர் தெளித்தால் வெப்பம் தணியும். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளுதலே இதற்குக் காரணம். காற்று உலர்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பகுதியில் இதனால் விளையும் நன்மை பெரிது. வியர்வையே உலராத கடற்கரையூர்களில் அத்துணைப் பயன் இராது. அங்குக் காற்றோட்டத்தையே நம்புதல் வேண்டும். மாலையிலும் இரவிலும் தெளித்தல் ஆகாது. ஈரம் இரவெல்லாம் தங்கினால் நாற்றழுகல் நோய் பற்றும். ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றும் மண்ணோடு மண்ணாகச் சாயும்.

உள்ளே இருமருங்கும் இரண்டரை அடி உயரத்தில் மூங்கிற் பரண் அமைத்து, அதன்மேல் குழித்தட்டுகளை வைக்கலாம். பழுக்க மக்கிய தென்னை நார்க்கழிவும், மட்கிய தொழுவுரமும், சிறிது மணலும் கலந்து குழிகளை நிரப்புக. பரணின்கீழ் இருள் அடர்ந்த இடத்தில் கறிவேப்பிலைக் கன்றையோ புதினாவையோ வைப்பார் உளர். ஓரளவு ஒளி வரும் ஓரத்தில் அவை பிழைக்கும்; நடுவிற் பிழையா. ஐம்பது ரூபாய்க்குச் சந்தையில் வாங்கும் நாற்றைவிட வீட்டு நாற்று மலிவானதா என்று கேட்பார்க்கு விடை எளிதன்று. முதல் ஆண்டில் மலிவன்று. கம்பும் வலையும் மூன்று நான்கு ஆண்டு நிற்குமாயின் கணக்கு மாறும்.

வலையால் முற்றும் அடைத்த குடிலில் தேனீ புகாது என்பதைப் பலர் காய் பிடிக்காதபோதே உணர்கின்றனர். தக்காளி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது. காலையிற் கம்பைச் சிறிது தட்டி அசைத்தாலே போதும். பாகல் அங்ஙனமன்று. அதன் ஆண்பூவைக் காலையிற் பறித்துப் பெண்பூவின்மேல் தடவுதல் வேண்டும்; அடியிற் பிஞ்சு போன்ற வடிவு உடையதே பெண்பூ.

புரட்டாசி இறுதியில் மாரிக்கு ஆயத்தம் செய்க. பெருமழை நாற்றை அடித்துவிடுமாதலின், அக்காலத்தில் மட்டும் வலையின்மேற் பாலித்தீன் தாளை விரிக்கலாம். ஒரு பக்கத்துத் தாள் மற்றதனைவிட ஓரடி உயர்ந்து நிற்குமாறு முகட்டில் இடைவெளி விட்டால் வெப்பக்காற்று அவ்வழியே போகும். புயல் வருமென்ற அறிவிப்புக் கேட்டால், தாளையும் வலையையும் அவிழ்த்துச் சுருட்டி வீட்டினுள் வைத்துவிடுக. தட்டுகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றுக. காற்றுக்குப் பிடிமானம் இல்லாத வெறுங்கம்புகள் நின்றுகொள்ளும். முடிச்சுகளை இழுத்தவுடன் அவிழும்படி முதலிலேயே போட்டு வைத்தவர்க்கு இவ்வேலை அரை மணி நேரத்ததே.