பாகுபாடும் தேர்வும்: நியூசிலாந்துத் துப்பாக்கிச் சட்டம் புகட்டும் பாடம்

ஒரு பொருளுக்கு இலக்கணம் கூறப் புகுவோர் மூவகைக் குற்றங்களை நீக்கிக் கூறல் வேண்டும் என்பது தருக்க நூலார் துணிபு. பசுவுக்கு இலக்கணம் கபில நிறமுடைமை என்றால் வெண்பசு விடுபட்டுப்போம், இது அவ்வியாத்தி. கொம்புடைமை என்றால் எருமையும் பசுவாகிவிடும், இது அதிவியாத்தி. பசுவினிடத்து ஒருபோதும் இல்லாத தன்மையை அதற்கு இலக்கணமாகக் கூறுதல் அசம்பவம். இவை வகுப்பறைக்கு மாத்திரம் உரிய நுணுக்கங்கள் என்று மாணவர் சிலர் எண்ணுவர். இவற்றுள் முதலிரண்டும் ஒரு நாட்டின் சட்டத்திற் புகுந்தால் விளைவது யாது என்பதற்கு நியூசிலாந்தின் துப்பாக்கிச் சட்ட வரலாறு தக்க சான்றாகும்.

நம்மவர் துவக்கு என வழங்கும் கருவியுள், ஒருமுறை சுட்டபின் வெற்றுக்கோதைக் கழித்து அடுத்த தோட்டாவைக் கையாலேயே ஏற்ற வேண்டியது ஒரு வகை. வெடிமருந்து எரிதலால் எழும் வாயுவின் விசையோ பின்னுதைப்போ அத்தொழிலைச் செய்துவிட, விசைவில்லை இழுக்குந்தோறும் ஒவ்வொரு குண்டாக வெளிப்படுவது அரைத் தன்னியக்கத் துப்பாக்கி. நியூசிலாந்தில் மான், முயல், ஆடு முதலியன பிற நாடுகளிலிருந்து கொணரப்பட்டு, அவற்றைக் கொன்றுண்ணும் விலங்கின்மையாற் பெருகிக் காட்டுக்கும் பயிருக்கும் கேடு விளைத்தன. ஆகவே, கமக்காரரும் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டோரும் விரைந்து சுடவல்ல அரைத் தன்னியக்கத் துப்பாக்கியை விரும்பியது வியப்பன்று.

அந்நாட்டின் 1983 ஆம் ஆண்டுச் சட்டம், நீள்துப்பாக்கி ஒவ்வொன்றையும் பதிவதை விடுத்து, அதனை வைத்திருக்கும் ஆளின் தகுதியை ஆராய்ந்து உரிமம் வழங்கும் முறையை மேற்கொண்டது. 1990 இல் அறமோவானா என்னும் சிற்றூரில் ஒருவன் பதின்மூவரைச் சுட்டுக் கொன்றான். அதன் பயனாக 1992 இல் எழுந்த திருத்தம், ‘படைப்பாங்கான அரைத் தன்னியக்கத் துப்பாக்கி’ என்னும் புதிய வகுப்பை அமைத்தது. மடியும் அல்லது நீண்டு சுருங்கும் அடிக்கட்டை, துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்தும் உறுப்பு, சுவாலையை மறைக்கும் குழல், படைத் துப்பாக்கிக்குரிய தனித்து நிற்கும் கைப்பிடி, ஏழு தோட்டாக்களுக்கு மேற்கொள்ளும் ரவைக்கூடு என்பவற்றுள் ஒன்றேனும் இருப்பின் அத்துப்பாக்கி இவ்வகுப்பைச் சாரும். 0.22 அங்குலச் சிறு தோட்டாவாயின் ரவைக்கூட்டின் எல்லை பதினைந்து. இவ்வகுப்புக்கு ஈ வகை எனப்பட்ட சிறப்பு உரிமமும், கடும் பாதுகாப்பு ஏற்பாடும், வாங்குந்தோறும் பொலிசாரின் தனி அநுமதியும் வேண்டப்பட்டன. எஞ்சிய நீள்துப்பாக்கிகளுக்கு ஏ வகை எனப்பட்ட சாதாரண உரிமமே போதும்.

இக்கோடு கீறப்பட்டதும் ஆர்வலரின் தேர்வு அதனைப் பின்பற்றியது. ஒரே தொழிற்சாலையில், ஒரே பொறியமைப்போடு, ஒரே தோட்டாவைச் சுடும் துப்பாக்கி இரு கோலங்களில் விற்பனைக்கு வந்தது. மடியாத கட்டையும் ஏழு தோட்டாக் கூடும் உடையது சாதாரணம். அவை மாறின் படைப்பாங்கு. படைத் துப்பாக்கியின் வழிவந்த ஏஆர்-15 கூட முன்னைய கோலத்திற் சாதாரண உரிமத்தார்க்குக் கிடைத்தது. பெருவிரலை நுழைக்கும் துளையுள்ள கட்டை, தனித்து நிற்கும் கைப்பிடியாகுமா ஆகாதா என்பதுபற்றிப் பெருவழக்கும் எழுந்தது. ஆகும் என்ற பொலிசாரின் விளக்கத்தை 2010 இல் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012 இற் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது.

இங்கே சாதாரண துப்பாக்கியைத் தேர்ந்தோர் மேற் குறை கூறுதல் நீதியாகாது. இரு வழிகளுள் எளியதைக் கொள்ளுதல் மாந்தர் இயல்பு. அவ்வழியைச் சட்டமே காட்டிற்று. குறை இலக்கணத்தின்பாற்பட்டது. முயல் சுடும் சிறு துப்பாக்கி, மடியும் கட்டை ஒன்றினாற் படைப்பாங்கு ஆயிற்று, இது அதிவியாத்தி. விரைந்து பலரைக் கொல்லவல்ல துப்பாக்கியோ, சிறு ரவைக்கூட்டைப் பூண்டிருந்தமையாற் சாதாரணம் ஆயிற்று, இது அவ்வியாத்தி. கழற்றி மாட்டத்தக்க உறுப்பைக் கருவியின் இயல்பாகக் கொண்டமையே இரண்டுக்கும் காரணம். பெரிய ரவைக்கூட்டைச் சாதாரண துப்பாக்கியில் மாட்டுதல் குற்றம். ஆயின் அக்கூட்டைத் தனியே வாங்குதற்குச் சிறப்பு உரிமம் வேண்டப்படவில்லை. கதவைப் பூட்டித் திறப்பை வாசலில் வைத்தது போன்றது இது.

அத்திறப்பைக் கொடியவன் ஒருவன் எடுத்தான். 2017 இற் சாதாரண உரிமம் பெற்ற அவன், அவ்வுரிமத்தால் அரைத் தன்னியக்கத் துப்பாக்கிகளையும், தனியே பெரிய ரவைக்கூடுகளையும் வாங்கினான். 2019 மார்ச் 15 ஆம் நாள் கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் அவன் நடாத்திய தாக்குதலில், தொழுகைக்குச் சென்ற ஐம்பத்தொருவர் உயிரிழந்தனர். சட்டம் சாதாரணம் என்ற கருவி, ரவைக்கூடு மாற்றும் சில கணப்பொழுதிற் படைக்கருவியாயிற்று.

ஒரு மாதத்துள், ஏப்பிரில் 10 ஆம் நாள், பாராளுமன்றம் 119 வாக்குகளுக்கு ஒன்றாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இச்சட்டம் கோலத்தை விடுத்துச் செயலை நோக்கிற்று. அரைத் தன்னியக்கத் துப்பாக்கிகளுட் பெரும்பாலானவற்றைத் தடைசெய்து, பத்துத் தோட்டாக்களுக்கு மேற்படாத 0.22 அங்குலச் சிறு துப்பாக்கி முதலிய சிலவற்றுக்கே விலக்களித்தது. பெரிய ரவைக்கூடுகளும் உதிரி உறுப்புக்களும் தடைக்குள் அடங்கின. அவ்வாண்டு டிசெம்பர் 20 வரை அரசு விலைகொடுத்து மீட்ட துப்பாக்கிகள் 56,000 இற்கு மேற்பட்டன. முறையாக வாங்கி ஒரு பிழையும் செய்யாதோர் பலர் தம் உடைமையை இழந்தமை உண்மை. அவர்தம் மனக்குறையையும் நாம் உணர்தல் வேண்டும். முதலிலேயே இலக்கணம் செவ்விதாய் அமைந்திருப்பின் அவர்கள் அவற்றை வாங்கியே இருக்கமாட்டார்கள்.

சட்டம் கீறும் கோடு, விலக்குதலோடு அமையாது, வழிகாட்டவும் செய்யும். எல்லையின் இப்பால் நிற்பது எதுவோ அதனையே மக்கள் தேடிக்கொள்வர். ஆதலின், ஒரு பொருள் இன்று எக்கோலத்தில் உளது என்பதோடு, அது யாது செய்யவல்லது என்பதனையும் உசாவியே பாகுபாடு செய்தல் வேண்டும். இலக்கணக் குற்றம் ஏட்டிலிருந்தாற் புள்ளி குறையும். நாட்டின் சட்டத்திலிருந்தால் அதன் விலை பெரிது.