கோசி: யாருடைய சீற்றம்?

ஆற்றை ஒற்றைக் கோடாக வரைந்தே நமக்குப் பழக்கம். நிலவியலாளர்கள் அதைப் பல கோடுகளின் அடுக்காக வாசிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு முதலான வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டபோது, பீகாரின் கோசி ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்திருந்தது தெரிந்தது. இமயத்து வண்டலைக் கொட்டித் தன் அடித்தளத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். பிறகு பள்ளம் தேடிப் போகும். அதன் சுபாவமே அதுதான்.

1950களில் இருபுறமும் கரை எழுப்பினார்கள். வண்டல் பரவ வழியில்லை, உள்ளேயே படிந்தது. மட்டம் எடுத்துப் பார்த்தால், பல இடங்களில் வெளியே இருக்கிற வயலைவிட ஆற்றின் அடி உயரம்.

2008 ஆகஸ்ட் 18இல் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தது. அப்போது ஓடியது விநாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. கரையோ 9 லட்சத்துக்கும் மேல் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. ஆறு கிழக்கே, தன் பழைய தடங்களுக்குப் போயிற்று. பீகாரில் மட்டும் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

'ஆறு தடம் மாறிடுச்சு, இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னதும் கரை கட்டிய முடிவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மட்டக்கோல் காட்டும் அந்தச் சில மீட்டர் உயரம் வெறும் அளவீடா, சாட்சியமா?