பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகை யாருடைய விடயம்?

ஒரு பிள்ளை அடிகாயங்களோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தி வெளியானதும், அயலவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அந்த வீட்டில் எந்த நாளும் அழுகைச் சத்தம் கேட்கும்." கேட்டவர்கள் பலர். உரிய இடத்தில் சொன்னவர் எவருமில்லை.

இதைக் கல்நெஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. மதிலோடு மதில் ஒட்டிய ஊர்கள் எங்களுடையவை. பக்கத்து வீட்டார் பெரும்பாலும் சொந்தக்காரர். இன்று பொலிஸுக்குச் சொன்னால் நாளை கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். போதாததற்கு, பிறர் குறையைத் துருவக் கூடாது, புறம் பேசக் கூடாது என்று மார்க்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆனால் புறம் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் எடுத்துக் கூறுகிறார். அநீதியை அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி கோருவதும் அவற்றில் அடங்கும். இந்தப் பகுதியை எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம்?

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னங்காலிலும் காயம் வருவது இயல்பு. காது, கன்னம், முதுகு, தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் கண்டல் இருந்தால் யோசிக்க வேண்டும். சிகரெட் அளவிலான வட்டச் சூடும், அயன் பெட்டியின் வடிவில் பதிந்த தழும்பும் விழுந்து வருபவை அல்ல.

அடியை விடக் கண்ணில் படாதது புறக்கணிப்பு. உம்மா வெளிநாட்டில், வாப்பா விடியப் போய் இரவில் வருபவர். பத்து வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு நிற்கிறது. "பொறுப்பான பிள்ளை" என்று நாம் பாராட்டிவிட்டுப் போகிறோம். இங்கே தேவைப்படுவது தண்டனையை விட உதவிதான். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரின் வேலையே அதுதான்.

கொடுமை வேறு கதை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்த 308அ பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்கினாலோ புறக்கணித்தாலோ 2 முதல் 10 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பெற்றோர் என்பது அதற்கு விதிவிலக்கல்ல. ஆகவே பள்ளிவாசலில் இரு தரப்பையும் கூப்பிட்டு ஸலாம் சொல்ல வைத்து முடிக்கும் விவகாரமல்ல இது. அன்றிரவு அதே வீட்டுக்குத்தான் அந்தப் பிள்ளை திரும்பிப் போகிறது.

நல்லெண்ணத்திலும் சில வேலைகள் பிள்ளைக்குப் பாதகமாகும். நேரே போய்ச் சண்டை பிடித்தால், "வெளியே சொன்னாயா?" என்று அடி இரட்டிப்பாகலாம். வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் பிள்ளையின் முகம் ஊரெங்கும் போய்விடும். பிள்ளையை நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்ப விசாரிப்பதும் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உங்கள் பெயரைச் சொல்லாமலும் அறிவிக்கலாம். ஆதாரம் தேடுவது உங்கள் வேலையல்ல. வீடு எங்கே, பிள்ளைக்கு ஏறத்தாழ எத்தனை வயது, எதை எப்போது கண்டீர்கள் அல்லது கேட்டீர்கள் என்று சொன்னால் போதும். உயிராபத்து என்று தெரிந்தால் 119.