ஒரு வரிசை வேலியில் தொடங்குவோம்

ஊவா மலைச்சரிவில் பயிர் செய்பவர்களுக்கு இரண்டு கஷ்டங்கள் உண்டு. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. ஆனி முதல் புரட்டாதி வரை வீசும் கச்சான் காற்று மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. இவற்றை வேறு வேறு கஷ்டங்களாகவே நாம் பேசுகிறோம். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிட்டால், வெயில் காலத்தில் பயிருக்கு ஈரம் எங்கிருந்து வரும்? ஓடும் நீரைச் சற்று நிறுத்தி வைத்தால் இரண்டு கஷ்டங்களும் குறையும்.

மண்சரிவினாலோ யுத்தத்தினாலோ பழைய காணியை இழந்து, புதிய இடத்தில் மீண்டும் மண்வெட்டி பிடித்திருக்கும் குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியம். கிடைத்த நிலம் பெரும்பாலும் சரிவானது; மேல்மண்ணும் மெல்லியது. அதையும் மழை கொண்டுபோனால் அடுத்த போகத்துக்கு என்ன மிஞ்சும்?

இதற்குச் செலவு குறைந்த வழி சமவுயர உயிர்வேலி. சரிவில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து, குறுக்காக நெருக்கமாக நடும் செடி வரிசையே அது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் பப்டிஸ்ட் திருச்சபையின் கிராமிய நிலையம் ஒன்று, ஹரல்ட் வாட்சன் என்பவரின் தலைமையில், 1970களின் பிற்பகுதியில் இம்முறையை ஏழை மலை விவசாயிகளுக்காக வகுத்தது. இலங்கையின் மலைநாட்டிலும் கிளிரிசிடியா எனும் சீமைக்கிளுவையைக் கொண்டு இது செய்யப்பட்டு வருகிறது.

செய்யும் முறை

ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைப் பொருத்துங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். இரு கால்களையும் நிலத்தில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தை அடையாளமிடுங்கள். பின் கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் அடையாளமிடுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே உள்ள புள்ளியே மட்டப் புள்ளி. கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அவ்விடங்களில் முளை அடித்துக்கொண்டே நகர்ந்தால் கோடு கிடைத்துவிடும்.

கோட்டின் வழியே அரை மீற்றர் இடைவெளியில் இரட்டை வரிசையாக நடுங்கள். நான்கு, ஐந்து மீற்றருக்கு ஒரு வேலி போதும். சரிவு கூடினால் வேலிகளை நெருக்கமாக அமைக்க வேண்டும். விதையிலிருந்து வளரும் செடியின் வேர் ஆழமாக இறங்கும். மழை தொடங்கியவுடன் நடுவது நல்லது. செடி ஓங்கி வளர்ந்து பயிருக்கு நிழல் விழத் தொடங்கினால், அரை மீற்றர் உயரத்தில் வெட்டி, இலைகளைப் பாத்தியில் பரப்புங்கள். அது மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். மக்கித் தழைச்சத்தும் தரும். ஒரு பகுதியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடலாம். உயரமான, குளிர் கூடிய இடங்களில் கிளிரிசிடியா மந்தமாகவே வளரும். அங்கே வெட்டிவேர் போன்ற புல்வகைகளை நடலாம்.

ஒரே இனத்தை நம்பியிருப்பதும் நல்லதல்ல. பிலிப்பைன்ஸில் முதலில் இப்பில்-இப்பில் மரத்தையே பெரிதும் நட்டனர். 1980களின் நடுப்பகுதியில் ஒரு சிறு பூச்சி அம்மரங்களைத் தாக்கியபோது வேறு இனங்களையும் தேட வேண்டியதாயிற்று.

எப்படிப் பரவுகிறது?

நல்ல முறை என்பதற்காக மட்டும் எதுவும் பரவிவிடுவதில்லை. எமது நாட்டில் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. இயற்கைப் பசளை நல்லதுதான். ஆனால் அதைத் தயாரிக்கவும் பழகவும் விவசாயிக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

மத்திய அமெரிக்காவில் நடந்ததோ வேறு. குவாத்தமாலா நாட்டின் சான் மார்ட்டின் பகுதியில் 1970களில் காக்சிக்கெல் பழங்குடி விவசாயிகள் மண்காப்பு முறைகளைத் தம் சிறு நிலங்களில் செய்து பார்த்தனர். சோளம் கூடுதலாக விளைந்ததைக் கண்ணால் கண்ட அயலவர்கள் தாமும் பின்பற்றினர். 1980களின் தொடக்கத்தில் அரச வன்முறை அம்மக்களைச் சிதறடித்தது. இடம்பெயர்ந்தவர்களுள் சிலர் மெக்சிக்கோ விவசாயிகளுக்கு அதே முறைகளைக் கற்றுக்கொடுத்தனர். மெக்சிக்கோவிலிருந்து அவை நிக்கராகுவாவுக்கும் சென்றன. வீட்டையும் காணியையும் இழந்தவர்களிடம் கைத்தொழிலறிவு இருந்தது. அதையே அவர்கள் பிறருக்கும் கொடுத்தார்கள்.

கவனிக்க வேண்டியவை

உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் மரம் நடத் தயங்குவது நியாயமே. வேலியின் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகளாவது செல்லும். அதுவரை அந்த நிலம் நம் கையில் இருக்குமா என்பது பெரிய கேள்வி. எனவே காணி உரிமை கேட்பதும் மண்காப்பு வேலையின் ஒரு பகுதியே. தோட்டத்து வீட்டோடு ஏழு பேர்ச் காணி மட்டும் உள்ளவரும் அதன் மேல் ஓரத்தில் ஒரு வரிசை நடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிர்வேலி மேல்மண் அரிப்பைக் குறைக்கும்; மலை சரிவதைத் தடுக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மண்சரிவு அபாயம் உள்ளதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்த சரிவுகளில் நீர் தேங்கும் குழிகளோ கான்களோ வெட்ட வேண்டாம். வெளியேறச் சொன்னால் பயிரைப் பார்த்து நிற்கவும் வேண்டாம்.

ஆபத்தில்லாத சரிவில் இருப்பவர்கள் வரும் ஐப்பசியில் ஒரே ஒரு வரிசை நட்டுப் பாருங்கள். காணி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. வேலியுள்ள பாத்தியையும் இல்லாத பாத்தியையும் ஒரு போகம் ஒப்பிட்டுப் பாருங்கள். பலன் தெரிந்தால் பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்து காட்டுங்கள். கேட்பவருக்கு ஒரு பிடி விதையும் கொடுத்தனுப்புங்கள்.