மண்ணிலும் கதிர், நம்மிலும் கதிர்!

ஓரியூருக்குத் திருப்பயணம் சென்று வருவோர் ஒரு பிடி செம்மண்ணை முடிந்து வருவதை நாம் அறிவோம். 1693 பிப்ரவரி 4இல் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய மண் அல்லவா அது! மயிலையில் புனித தோமையார் கொல்லப்பட்ட இடத்து மண்ணைக் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். பக்தி ஒருபுறம் இருக்க, மண் வயிற்றுக்குள் போனால் உடல் அதை என்ன செய்கிறது என்று பார்ப்போமா?

எந்த ஊர் மண்ணானாலும் யுரேனியம், தோரியம், ரேடியம், கதிரியக்கப் பொட்டாசியம் ஆகியவை அதில் மிகச் சிறு அளவில் உண்டு. சாதாரண மண் ஒரு கிலோவில் யுரேனியம் ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். ஒரு தேக்கரண்டி மண்ணை விழுங்கினால், அதிலுள்ள யுரேனியத்தில் 100க்கு 98 பங்கு மலத்தோடு போய்விடும். இரத்தத்தில் கலக்கும் சிறிதளவிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். தோரியம் அதைவிடக் குறைவாகவே உள்ளே சேரும்.

பொட்டாசியம் வாழைப்பழத்திலும் உண்டு. தேவைக்கு மிஞ்சியதை உடல் கழித்துவிடும். ஆனாலும் வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்குச் சுமார் 4,000 பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஆம், நாமும் கதிர் வீசுகிறோம்!

ரேடியம்தான் பொல்லாதது. 1898இல் பாரிஸில் கியூரி தம்பதியர் கண்டுபிடித்த இதனைச் சுண்ணாம்புச் சத்து என்றெண்ணி உடல் எலும்பில் சேர்த்துக்கொள்ளும். 1920களில் அமெரிக்காவில் கடிகார முகப்புகளில் ரேடியம் மை தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினர். தாடையெலும்பு அரித்துப் பலர் மாண்டனர். அவர்கள் உடலில் சேர்ந்ததோடு ஒப்பிட்டால், நம் தேக்கரண்டி மண்ணிலுள்ளது இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் மண் தின்னலாமா? கூடாது! அதில் குடற்புழுவின் முட்டைகள் இருக்கலாம், ஈயமும் இருக்கலாம். களிமண்ணோ, நாம் உண்ணும் உணவின் இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண், சாம்பல், பலப்பம் ஆகியவற்றைத் தின்ன ஆசை எழுவதே பல வேளைகளில் இரத்தசோகையின் அடையாளம். கருவுற்ற தாய்மாருக்கும் வளரும் பெண்களுக்கும் இது மிகுதி.

பலப்பம் கடிக்கும் தங்கையைக் கண்டால் கேலி செய்ய வேண்டாம். அம்மாவிடமும் சிஸ்டரிடமும் சொல்லி, மருத்துவமனையில் அவளுக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வோம். குடற்புழு நீக்க நாளில் தரும் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வோம். கீரையும் கேழ்வரகும் நம் தட்டில் இடம்பெறட்டும். புனித மண் வீட்டுப் பீடத்திலேயே இருக்கட்டும்.